நீயா, அதுவா?

அடக்காதம்மா, வர்றது வரட்டும்னு டாக்டர் சொன்ன நிமிஷத்துல இருந்து அது வரமாட்டேங்குது. அது வந்தாத்தானே மத்ததெல்லாம்! உலகம்மாள், வீட்டுல எல்லாருக்கும் உலகு, நாற்காலியில முதுகு ஒட்டாம உக்காந்திருக்கா, கை ரெண்டும் மடியில, ஏதோ இன்ஸ்பெக்‌ஷனுக்கு வந்த அதிகாரி முன்னாடி உக்காந்த மாதிரி. கண்ணு மட்டும் டாக்டர் சீதாபதி கையில இருக்கிற அந்தப் பலகை மேல. ஒரு சிலேட்டு அளவுதான் இருக்கும். அதுல அவர் விரலை நகத்தினா இவ தலைக்குள்ள கேக்குது! ஒயர் கிடையாது, ப்ளக் கிடையாது. அங்க விரல் நகர்றதுக்கும் இங்க காறை எலும்புக்குக் கீழ தோலுக்குள்ள சோப்புக்கட்டி மாதிரி படுத்திருக்கிற பேட்டரி முழிச்சுக்கிறதுக்கும் சரியா இருக்கு. அது கழுத்து வழியா, காதுக்குப் பின்னாடி ஏறி, மண்டை ஓட்டைத் தாண்டி, மூளையோட நட்ட நடுவுல இடியாப்ப இழை கணக்கா இறங்கியிருக்கிற ரெண்டு கம்பிக்கும் கரண்ட் அனுப்புது. அந்தக் கம்பி நுனியில வளையம் வளையமா நாலு இடம் இருக்காம், எந்த வளையத்துல எவ்வளவு கரண்ட் விட்டா இவளுக்குச் சரியாகும்னு தேடித்தான் கண்டுபிடிக்கணுமாம். இதை யாரு யோசிச்சிருப்பா மொதல்ல? ஒரு மனுசன் ராத்திரி சாப்பிட்டுக் கை கழுவும்போது, ஏன் மூளைக்குள்ள ஒரு கம்பியை விட்டுப் பாக்கக்கூடாதுன்னு யோசிச்சிருப்பான்ல, அவன் பொண்டாட்டி என்ன சொல்லியிருப்பா, போய்ப் படுங்கன்னு சொல்லியிருப்பா. அவன் படுக்கல. அதனாலதான் இவ இங்க உக்காந்திருக்கா. ஆனா வரவேண்டியது வரலையே. வா. வந்து தொலை. இருபது வருசமா கூப்பிடாமலே வந்த, இன்னைக்கு ஒரு டாக்டர் ஏசி போட்டு, நர்சை வெளிய அனுப்பி, வாசல்ல ஆள் நிறுத்தி வெத்தலை பாக்கு வைக்காத குறையா அழைக்கிறார், இப்பப் போய் எங்க ஒளிஞ்சுக்கிட்ட?

அதுன்னா ரெண்டு. ஒண்ணு, கழுத்து சடார்னு இடது பக்கம் வெட்டும், யாரோ முடியைப் பிடிச்சு இழுத்த மாதிரி. அதோட கூடவே தொண்டையில இருந்து ஒரு வார்த்தை குதிக்கும். போலே! தென்காசிப் பக்கம் 'டா'வுக்கு 'லே'. போலேன்னா போடாதான். சேக்காளியைச் சொல்லலாம், தம்பியைச் சொல்லலாம், கோவத்துலயும் சொல்லலாம், கொஞ்சும்போதும் சொல்லலாம், பெரியவங்களை மட்டும் சொல்லவே கூடாது. உலகு யாரைத்தான் சொல்லல! ரேஷன் கார்டுக்குப் போன இடத்துல தாசில்தாரைச் சொன்னா. கற்பூரத் தட்டை நீட்டின குருக்களைச் சொன்னா, அவர் தட்டோட ரெண்டடி பின்னாடி போனார். பெரியப்பா செத்த வீட்டுல, நடுக்கூடத்துல கிடத்தி வச்சிருக்கு, எல்லாரும் ஓன்னு அழுறாங்க, இவ மாலையைப் போட்டுட்டு நிமிர்ந்தா, போலே! வீடே கப்சிப். தம்பி இசக்கிதான் காதுக்குள்ள, "யக்கா, அவரு ஏற்கெனவே போயிட்டாரு"ன்னான். சிரிப்பை அடக்கினதுல ரெண்டு பேருக்கும் கண்ணுல தண்ணி வந்து, பாத்தவங்க பெரியப்பா மேல இவ்வளவு பாசமான்னு நினைச்சுக்கிட்டாங்க. சிரிக்கிறதுக்கு இதெல்லாம் நல்லாத்தான் இருக்கு. ஆனா கழுத்து சிரிக்கல. வெட்டி வெட்டிக் கழுத்தெலும்புக்கு நடுவுல இருக்கிற ஜவ்வு தேஞ்சு, நரம்பு நசுங்கி, இடது கையில ரெண்டு விரலுக்கு உணர்ச்சி குறைஞ்சுபோச்சு. சூடான டம்ளரைப் பிடிச்சா சுடுறது தெரியல. இப்படியே வெட்டிக்கிட்டு இருந்தா கை போகும், அப்புறம் காலும் போகலாம்னு ஸ்கேனை வெளிச்சத்துல தூக்கிக் காட்டிச் சொன்னாங்க. மாத்திரையில தூக்கம் வந்தது, உடம்பு ஊதினது, அது மட்டும் நிக்கல. அப்பத்தான் இந்தக் கம்பி. எல்லாருக்கும் கேக்கும்னு உத்தரவாதம் இல்ல, அடியோட போயிடும்னும் சொல்லமாட்டேன், பாதிக்கு மேல குறைஞ்சாலே பெரிய விஷயம்னு டாக்டர் சீதாபதி அன்னைக்கே பட்டுன்னு சொல்லிட்டார். அந்த ஒளிவுமறைவு இல்லாத பேச்சுலதான் அவ தலையை அவர்கிட்ட கொடுத்தா. தலையைக் கொடுத்தான்னா நிஜமாவே தலையை!

மொட்டை. அதை நினைச்சா இப்பவும் சிரிப்பு வருது. ஆபரேஷன் முடிஞ்சு ரயில்ல ஊருக்குப் போறா, தலையில துண்டு, எதிர்சீட்டு அம்மா கண்ணு விரிய, "எந்தக் கோயிலும்மா, பழனியா திருப்பதியா?" இசக்கி அசராம, "ரெண்டும் இல்ல, மெட்ராஸு." அந்தம்மா, "மெட்ராஸ்ல எங்க?"ன்னு ஆரம்பிச்சு, செங்கோட்டை வர்ற வரைக்கும் புதுசா எந்தச் சாமி கிளம்பியிருக்குன்னு விசாரிச்சுக்கிட்டே வந்தாங்க. இப்ப முடி ரெண்டு விரக்கடை வளர்ந்துடுச்சு, தடவினா புதுத் துடைப்பம் மாதிரி குத்துது, நடுவுல ரெண்டு இடத்துல மட்டும் சின்னப் பள்ளம், அந்தப் பள்ளத்துல விரல் வைக்கும்போதெல்லாம் ஒரு மரியாதை வருது. யாரு மேலன்னு தெரியல. உள்ள இருக்கிற அந்த இழை மேலயா, அதை மில்லிமீட்டர் கணக்குல இறக்கின கை மேலயா, இல்ல தூங்கிக்கிட்டே இதுக்குச் சம்மதிச்ச தன்னோட மண்டை மேலயேவா. மரியாதை. ஆங், அந்த வார்த்தைதான். அதுதான் இவ்வளவு நாளும் கெடுத்தது! ஆபரேஷனுக்கு அப்புறம் இது நாலாவது தடவை. முதல் மூணு தடவையும் டாக்டர் ஒவ்வொரு வளையமா ஏத்தி இறக்கிப் பாத்தார், "எப்படிம்மா இருக்கு?"ன்னு கேட்டார், இவ "நல்லா இருக்கு சார்"னா. கழுத்து ஆடல, சத்தம் வரல. பிரமாதம்னு ஒரு வளையத்துல நிறுத்தி அனுப்பினார். லிஃப்ட் கதவு திறந்த உடனே உள்ள நின்ன செக்யூரிட்டியைப் பாத்து போலே, ஆட்டோக்காரரை போலே, எக்மோர்ல டிக்கெட் பரிசோதகரை போலே போலே போலே! ரெண்டு நாள் கழுத்தைத் திருப்ப முடியல. ஊருக்குப் போய் போன் பண்ணினா டாக்டர் குழம்பினார், "இங்க ஒண்ணுமே வரலையேம்மா." போன தடவை குரல் இறங்கிப்போய்ச் சொன்னார், இந்த முறையும் சரியான இடம் சிக்கலைன்னா கம்பி இறங்கின இடமே சரியான்னு யோசிக்கணும், மறுபடி திறக்கவேண்டி வரலாம். மறுபடியா. மறுபடியும் மொட்டை, மறுபடியும் தலையை அசையாம திருகி இறுக்குற அந்த இரும்புச் சட்டம், அதுக்குள்ள இந்த விரல்கள் என்ன ஆகும்.

இசக்கிதான் கண்டுபிடிச்சான். இன்னைக்குக் காலையில உள்ள வந்த உடனே, உக்காரக்கூட இல்ல, போட்டு உடைச்சுட்டான். "சார், தப்பு கம்பியில இல்ல சார். இவ உங்களுக்கு மரியாதை குடுக்கா சார்." டாக்டருக்குப் புரியல. "மரியாதையா? என்னப்பா சொல்ற?" "பெரிய ஆளுக முன்னாடி அடக்கிக்கிடுவா சார். சின்ன வயசுல இருந்தே. தும்மலை அடக்குத மாதிரி. உங்க மீசையப் பாத்தா எங்க ஹெட்மாஸ்டர் மாதிரியே இருக்கு சார், இவளுக்கு எப்படி வாய் வரும்? நீங்க கரண்ட் வச்சு நின்னுச்சுன்னு நினைக்கிய, அவ பல்லைக் கடிச்சு நிறுத்திருக்கா." உலகுக்கு நாற்காலியோட பூமிக்குள்ள போயிடலாம்போல இருந்தது. டாக்டர் கண்ணாடியைக் கழட்டினார், துடைச்சார், போட்டார். அப்புறம் வயிறு குலுங்கச் சிரிச்சார் பாருங்க! "அடக் கடவுளே. முப்பது வருஷ சர்வீஸ்ல எனக்கு யாருமே இவ்வளவு மரியாதை குடுத்ததில்லையே. தப்பு என் மேலதாம்மா, நான் கழுத்தைப் பாத்தேன், உள்ள என்ன பண்ணுதுன்னு கேக்கல." எவ்வளவு பெரிய மனுசன், இசக்கி மாதிரி ஒரு மைக்செட் கடைப் பையன் முன்னாடி தப்பு என் மேலன்னு சொல்றார்! உலகுக்கு அதுல மரியாதை இன்னும் கூடிப்போச்சு, இதுல எங்க இருந்து அது வரும். "அப்ப இன்னைக்கு எனக்கு மரியாதை வேண்டாம்மா. மெஷினை நிறுத்திட்டேன். அடக்காத. வர்றது வரட்டும்."

வரல. வருது, வராம இல்ல, பின்கழுத்துல காதுக்குக் கீழ ஒரு இடம் இருக்கு, அங்க ஆட்டுக்குட்டி மடியை முட்டுற மாதிரி ஒண்ணு முட்டும், அதுக்கு அவ வச்ச பேரே முட்டுதான். முட்டு வந்தா வெட்டணும், வெட்டினாத்தான் அடங்கும், அரிப்பு எடுத்த இடத்தைச் சொறியிற மாதிரி, ஆனா சொறிஞ்ச மறுநிமிஷம் மறுபடி முட்டும். யாரும் இதைக் கேட்டதில்ல இதுவரைக்கும். எல்லாரும் கழுத்தையும் வாயையும்தான் பாப்பாங்க, முட்டு உள்ளதானே இருக்கு. இப்ப முட்டுது. ஆனா அவரோட வெள்ளை மீசை, மேஜை மேல பேனா ஸ்டாண்டு, சுவத்துல பட்டம் வாங்கின போட்டோ, அதையெல்லாம் பாக்கப் பாக்க கழுத்து தானா இரும்பாகுது, அவ இறுக்கல, அதுவா இறுகுது. ஹெட்மாஸ்டர் பிரேயர்ல ஒரு நாள் அவளை மேடைக்குக் கூப்பிட்டார். அடிக்கல, பாவம், நல்ல மனுசன்தான். "போலேன்னு வாய் தவறி வந்தா வந்துட்டுப் போகட்டும், அதைக் கொஞ்சம் மாத்தி போங்கன்னு சொல்லிப் பழகேன்"னார். நல்ல யோசனையாத்தான் பட்டது. அன்னைக்கு சாயங்காலமே குளியலறைக் கதவைச் சாத்திக்கிட்டு, குழாயைத் திறந்துவிட்டு, போங்க, போங்க, போங்க, போங்க. அம்மா வெளிய இருந்து, "யாரைட்டி உள்ள வச்சு விரட்டுத?" தொட்டி நிறையிற வரைக்கும் பழகினா, கதவைத் திறந்தா, எதிர்ல சோப்போட நிக்கிற அப்பாவைப் பாத்து, போலே! அதுக்கு 'ங்க' வராது. எத்தனை வருசம் கெஞ்சினாலும் அதுக்கு 'ங்க' சொல்லத் தெரியாது. அது படிக்காத பிள்ளை. ஒரே ஒரு வார்த்தைதான் அதுக்குத் தெரியும், அதை வச்சே இருபது வருசம் ஓட்டிடுச்சு. இசக்கி பிறந்ததுல இருந்தே அவனுக்கு அக்கான்னா இப்படித்தான். அவனும் இவளும் அடிச்சுக்கும்போது இவ போலேன்னா அவன் சண்டையை நிறுத்தி ஒரு நிமிஷம் முகத்தை உத்துப் பாப்பான். "இது நீயா, அதுவா?" நான்னா திருப்பி அடிப்பான், அதுன்னா விட்டுருவான். அடி வாங்கக்கூடாதுன்னு எத்தனையோ தடவை தான் சொன்னதையும் அதுன்னு சொல்லித் தப்பிச்சிருக்கா. அப்புறம் அப்புறம் அவளுக்கே சந்தேகம். இது நானா, அதுவா?

"சார், நீங்க அந்தப் பக்கம் திரும்பி உக்காருங்க"ன்னு இசக்கி சொன்னான். சொன்னான்! ஒரு டாக்டரை! அவரும் சமர்த்தா சுழல் நாற்காலியைச் சுத்திச் சுவத்தைப் பாத்து உக்காந்துட்டார், முதுகு மட்டும் தெரியுது, வழுக்கையில ட்யூப்லைட் வெளிச்சம் விழுது. அது போதாதுன்னு வெள்ளைக் கோட்டைக் கழட்டி மடியில வச்சுக்கிட்டார். உள்ள ஒரு சாதாரண கட்டம்போட்ட சட்டை, காலர்ல ஒரு இஸ்திரி மடிப்பு தப்பிப்போய் நட்டுக்கிட்டு நிக்குது. அந்தக் காலரைப் பாத்தா. அப்பா சட்டையும் இப்படித்தான் நிக்கும். முட்டுச்சு. பயமா இருந்தது, ஒரு பெரிய மனுசன் முதுகுல போய்ப் படப்போகுதேன்னு, கையை இறுக்கினா, கால் விரலை மடக்கினா, அப்புறம் மெதுவா, ஊர்ல தேர் இழுக்கும்போது வடத்தை விடுவாங்களே, ஒவ்வொரு கையா, அப்படி ஒவ்வொரு இடமா விட்டா, தோள், தாடை, நாக்கு. போலே! கழுத்து வெட்டி இழுத்துச்சு, கண்ணுல பூச்சி பறந்தது, உடனே இன்னொண்ணு, போலே, போலே! அறையே அதிர்ந்தது. முதுகு திரும்பாமலே டாக்டர் கையைத் தூக்கினார், கச்சேரியில தாளம் போடுற மாதிரி, "சபாஷ்! வரட்டும் வரட்டும். இது ரொம்ப நாளா என்னைத் தேடிக்கிட்டிருந்த ஆள்." உலகுக்கு அழுகையும் சிரிப்பும் ஒண்ணா வந்தது. போலேன்னு சொன்னதுக்கு உலகத்துல யாராவது இவ்வளவு சந்தோஷப்பட்டிருப்பாங்களா! அவர் மெதுவா இந்தப் பக்கம் திரும்பினார், இப்ப மூஞ்சியைப் பாத்துட்டும் வந்தது, போலே. அவர் தலையை ஆட்டி வாங்கிக்கிட்டார், வணக்கம் சொன்னா வாங்கிக்கிற மாதிரி. "இப்ப சொல்லு. வர்றதுக்கு முன்னாடி எங்க ஆரம்பிக்குது?" அந்த முட்டுப் பத்திக் கேக்குறார். முட்டுப் பத்தி! அவ காதுக்குக் கீழ தொட்டுக் காட்டினா, ஆட்டுக்குட்டியைச் சொன்னா. அவர், "அருமையான பேரு. இனிமே நான் உன் கழுத்தைப் பாக்கமாட்டேன். முட்டு இருக்கா, இல்லையா, நீ சொல்றதுதான் எனக்கு மீட்டர்"னார்.

முதல் வளையம். அவர் விரல் நகருது. உதட்டோரம் எறும்பு ஊர்ற மாதிரி விறுவிறுன்னுது. "முட்டு?" "முட்டுது சார்." போலே. எறும்பும் இருக்கு, ஆட்டுக்குட்டியும் இருக்கு. அடுத்தது. இது என்னமோ ஊஞ்சல் கீழ இறங்கும்போது வயிறு காலியாகுமே அந்த மாதிரி, காரணமே இல்லாம சிரிப்பு பொத்துக்கிட்டு வருது, பேனா ஸ்டாண்டைப் பாத்தாக்கூட சிரிப்பு, பேனாவெல்லாம் தலைகீழா நிக்குதுகளே, இதுல என்ன சிரிப்பு, மூளையில ஒரு ஓரத்துல யாரோ விரலை வச்சா சிரிப்பு வரும்னா அப்ப நாம இதுவரைக்கும் சிரிச்சதெல்லாம் என்ன, "அது வேண்டாம், அது சும்மா கிச்சுகிச்சு மூட்டுது"ன்னு டாக்டர் இறக்கிட்டார், சிரிப்பு குழாயை மூடின மாதிரி நின்னுது. முட்டு நிக்கல. போலே. விரல் மரமரன்னு இருக்கு. மிச்சம் எத்தனை இருக்கு, ரெண்டு, அந்த ரெண்டும் இல்லைன்னா திறக்கணும், இவர் கையால இன்னொரு தடவைன்னா தலையைக் கொடுத்துடலாம், இல்ல, வேண்டாம், பயமாத்தான் இருக்கு. இசக்கி மூச்சு விடாம நிக்கிறான், கண்ணு பலகை மேல. அவனுக்கு இதெல்லாம் முதல் நாளே புரிஞ்சுடுச்சு, "சார், மைக்கும் ஸ்பீக்கர் பாக்ஸும் ஒண்ணை ஒண்ணு பாத்துக்கிட்டு நின்னா கூவும்லா சார், கூய்ங்குனு, ஒரு குமிழை லேசாத் திருப்பினா நிக்கும், அதுதானே?"ன்னு கேட்டான், டாக்டரும் "கிட்டத்தட்ட அப்படித்தான்னு வச்சுக்கோ"ன்னார். எந்தக் குமிழ்னு தெரிஞ்சாத்தானே. மூணாவது. ஒண்ணும் இல்ல. எறும்பு இல்ல, ஊஞ்சல் இல்ல. கொஞ்சம் ஏத்தினார். இன்னும் கொஞ்சம். பாதம் லேசா சூடாச்சு, வெயில்ல காஞ்ச தரையை மிதிச்ச மாதிரி, அதுவும் போச்சு. "முட்டு?" இருங்க சார். பாக்குறேன். எங்க.

எங்க போச்சு? கல்யாண வீட்டுல மூணு நாள் மைக்செட் அலறிட்டு நின்ன உடனே ஃபேன் சுத்துற சத்தம் கேக்குமே, பக்கத்து வீட்டுக் குக்கர் கேக்குமே, அந்த மாதிரி ஏசி ஓடுறது கேக்குது. இவ்வளவு நேரமும் ஓடிக்கிட்டுத்தான் இருந்ததா அது. வெளிய யாரோ ஸ்ட்ரெச்சர் தள்றாங்க, ஒரு சக்கரம் மட்டும் கீச்சுன்னுது. விழுந்த பல்லோட இடத்தை நாக்கு போய்ப் போய்த் தேடுற மாதிரி அவ பின்கழுத்துல தேடுறா, இங்க இருந்துச்சே, இந்தக் காதுக்குக் கீழ, இல்ல, லேசா, ரொம்ப தூரத்துல எதோ அசையிற மாதிரி இருக்கு, ஆனா முட்டல, கட்டிப்போட்ட குட்டி மாதிரி பேசாம படுத்திருக்கு. சந்தோஷம் வரணுமில்ல? வருது, ஆனா அதுக்கு முன்னாடி பயம் வருது, இவ்வளவு நிசப்தத்துல நான் மட்டும் தனியா உக்காந்திருக்கேனே, அது இல்லாம நான்னு ஒருத்தி இருக்காளா, அவ எப்படிப் பேசுவா, கோவம் வந்தா என்ன சொல்லுவா, அவளை யாருக்காவது பிடிக்குமா. கழுத்து நேரா நிக்குது. அடக்கல. சத்தியமா அடக்கல. பல்லு கடிக்கல, கால் விரல் மடங்கல, கை மடியில சும்மா கிடக்கு, ரொம்ப நாளைக்கு அப்புறம் கைங்கிறது சும்மா கிடக்கக்கூடிய பொருள்னு தெரியுது. "முட்டல சார்." அவளோட குரலே அவளுக்குப் புதுசா இருந்தது. "நிஜமா முட்டல. மரியாதைக்குச் சொல்லல."

டாக்டர் உடனே துள்ளல. பலகையைப் பாத்தார், அவளைப் பாத்தார், சும்மா காத்திருந்தார். இடையில ஒரு தடவை லேசா அசைஞ்சது, கழுத்து ஒரு நூல் திரும்பிச்சு, சத்தம் இல்லாம அடங்கிடுச்சு. அவர் ஒரு துளி கூட்டினார். மறுபடி காத்திருந்தார். இவ்வளவு பொறுமையை எந்தக் கடையில விக்கிறாங்க! "இன்னும் மாசக்கணக்கா வந்து போகவேண்டியிருக்கும்மா, ஏத்தி இறக்கி, ஏத்தி இறக்கி. சில நாள் குறும்பு பண்ணும். ஆனா இடம் இதுதான். கம்பி சரியான வீட்டுக்குத்தான் போயிருக்கு. திறக்கவேண்டாம்." திறக்கவேண்டாம். இசக்கி சுவத்துல சாய்ஞ்சவன் அப்படியே சரிஞ்சு தரையில உக்காந்துட்டான். டாக்டர் கோட்டை எடுத்து மாட்டிக்கிட்டே பெருமூச்சு விட்டார், மூஞ்சியைப் பாவமா வச்சுக்கிட்டு, "உங்க ஊர்ல பாசம் இருக்கிறவங்களைத்தான் 'லே' போட்டுக் கூப்பிடுவாங்கன்னு உன் தம்பி வெளிய வச்சு சொன்னான். இனிமே என்னை யாரும்மா அப்படிக் கூப்பிடப்போறா? வீட்டுல எனக்கு மரியாதையும் கிடையாது, பாசமும் கிடையாது. உன் ஒருத்தியத்தான் நம்பியிருந்தேன்"னார்.

உலகுக்குச் சிரிப்பு வந்தது. வளையத்துல இருந்து வரல, வயித்துல இருந்து வந்தது. தலையைக் குனிஞ்சு, கழுத்தை அவளே, அவளா, மெதுவா ஒரு பக்கம் சாய்ச்சு, "போங்க சார்"னா.

டாக்டர் விரல் சட்டுன்னு பலகைக்குப் போச்சு. இசக்கி தரையில இருந்து நிமிர்ந்தான், நீயா அதுவான்னு கேக்கத்தான் வாயைத் திறந்தான். அப்புறம் மூடிக்கிட்டான். கண்ணைத் துடைச்சுக்கிட்டே டாக்டரைப் பாத்து, "வேண்டாம் சார், கூட்டாதீங்க. 'ங்க' போட்டாள்ளா? இது எங்கக்கா."